நீரில் கரையும் சிற்பம்: சுடாத களிமண்ணில் ஒரு நினைவைச் செய்து கரைப்பதற்கான முழு வழிகாட்டி

சுடாத களிமண்ணில் ஓர் உருவத்தைச் செய்து, பார்வையாளர்கள் முன்னிலையில் அதைத் தண்ணீரில் கரையவிடும் முறையை இங்கே எழுதுகிறேன். மண்ணைப் பிசை, காயவை, தண்ணீரை ஊற்று, அவ்வளவுதானே என்றுதான் நானும் இறங்கினேன். என் முதல் சிற்பம் நாலே நிமிடத்தில் குப்புற விழுந்தது. அப்போது நான் கேமரா ஸ்டாண்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டுச் சிற்பங்களைக் கரைத்திருக்கிறேன். பட்டறைகளில் புதிதாக முயல்பவர்களையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் இடறுவது ஒரே இடத்தில்தான். உருவத்துக்கு மூன்று வாரம் செலவிடுவார்கள். அது எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும் என்பதற்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்கியிருக்கமாட்டார்கள். நீங்கள் வடிக்கப்போவது அந்த மறைவை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் மண்ணைக் கட்டும் வேலை ஆறாவது படியில்தான் வருகிறது. தயவுசெய்து முன்னே தாவாதீர்கள்.

தொடங்கும் முன்

நான்கு வாரம் ஒதுக்குங்கள். சோதனைக்கு ஒரு வாரம், கட்ட மூன்று நாள், காய இரண்டு வாரம். மிச்ச நாட்கள் தவறுகளுக்கு; அவை கட்டாயம் தேவைப்படும்.

40 செ.மீ. உயரச் சிற்பத்துக்குச் சுமார் 15 கிலோ குயவர் களிமண் போதும். சலித்த மணல், பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் விரிப்பு, எடைபார்க்க ஒரு தராசு, ரசமட்டம், நீர் கசியாத ஆழம் குறைந்த தட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் குழாய் மூன்று, மூடிபோட்ட பெரிய வாளி இரண்டு, செல்பேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டு.

தட்டை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள தட்டில் 5 செ.மீ. நீர் நின்றால் அது 50 லிட்டர், அதாவது 50 கிலோ. நிரப்பிய பிறகு நகர்த்த நினைத்தால் மண்குழம்பு தரையெங்கும் ஓடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கால் முதலில் கரையும். சிற்பமும் அந்தப் பக்கமே சாயும்.

முகக்கவசமும் வேண்டும். காய்ந்த களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா உண்டு. நீண்ட காலம் தொடர்ந்து மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். N95 வகை நல்லது. சிந்திய மண்ணைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

1. உடம்புக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

"என் பண்பாட்டைச் செய்யப்போகிறேன்" என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் போய்ச்சேருவது வரைபடம், முகமூடி, மரத்தின் வேர், குவித்த இரண்டு கைகள். இவை எல்லோருக்கும் பொதுவான சின்னங்கள். கரைந்துபோனாலும் யாருக்கும் எதையும் இழந்ததுபோல் இருக்காது.

உங்கள் கை தொட்ட, கால் மிதித்த ஒரு பொருளை எடுங்கள். தேய்ந்த கைப்பிடி, ஜன்னல் கம்பி, பெட்டியின் மூடி, ஒரு படி. எவ்வளவு சின்னப் பொருளோ அவ்வளவு நல்லது. ஒரு வீட்டின் பழக்கவழக்கமெல்லாம் அதன் கதவுப்பிடியின் தேய்மானத்தில் தெரிந்துவிடும். அதைத் துல்லியமாகச் செய்தால் போதும், அடையாளம் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததும் புகைப்படத்தைத் தேடாதீர்கள். முதலில் நினைவிலிருந்து ஒரு தாளில் வரையுங்கள். எந்தப் பகுதி சட்டென்று வருகிறது, எங்கே பென்சில் தயங்குகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். அதன் பிறகு படத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சிற்பத்தின் உயிர். படத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டால் அந்த வித்தியாசம் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

நான் வளர்ந்த வீட்டின் வாசலை இப்படித்தான் வரைந்தேன். வீட்டை விற்றுப் பல வருடமாகிறது. வாசலுக்கு மூன்று படி போட்டிருந்தேன். பிறகு கிடைத்த பழைய படத்தில் இரண்டு படிதான் இருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். "மூணு படிதான்டா. மூணாவது படியிலதான நான் விழுந்து தாடையைக் கிழிச்சுக்கிட்டேன்" என்றாள். இருவர் நினைவிலும் மூன்று, படத்தில் இரண்டு. மூன்று படியோடு செய்வதென்று முடிவு செய்தேன். இந்த வழிகாட்டியில் இனி வரும் படிகளுக்கு அந்த வாசலையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

2. கேட்க வேண்டியவர்களிடம் முன்பே கேளுங்கள்

கரைப்பது என்பது பார்ப்பவர் கண்ணுக்கு அழிப்பதாகவும் தெரியும். ஒரு சமூகம் புனிதமாக நினைக்கும் உருவத்தை, அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர் கரைத்தால் அது அவமதிப்பாகவே போய்ச்சேரும். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லி மாற்ற முடியாது. உங்கள் சமூகத்து உருவமே என்றாலும் அதை மதிக்கும் இரண்டு பெரியவர்களிடம் பேசிவிடுங்கள்.

இறந்தவரின் பொருள் என்றால் குடும்பத்தாரிடம் இரண்டு கேள்வி: செய்யலாமா, கரையும் படத்தை வெளியிடலாமா? முதலாவதற்குச் சரி என்று சொல்லி, இரண்டாவதற்கு வேண்டாம் என்றவர்கள் உண்டு. உயிரோடிருப்பவரின் முகத்தைச் செய்யாதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

3. கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி வரையுங்கள்

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். ஐந்தாவது கட்டத்தை முதலில் நிரப்புங்கள்: எல்லாம் முடிந்தபின் தட்டில் என்ன மிஞ்ச வேண்டும்? பிறகு நான்கு, மூன்று என்று பின்னால் வாருங்கள். முழு உருவம் முதல் கட்டத்தில், கடைசியாக வரும்.

இப்படித் தலைகீழாக வரையாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முன்னிருந்து வரைபவர்களுக்கு முதல் கட்டம் அழகாக இருக்கும், மற்ற நான்கிலும் வெறும் 'கரைகிறது' என்று எழுதியிருக்கும். களிமண் தானாகக் கரையும்போது ஒரே ஒரு வரிசையைத்தான் பின்பற்றும்: மெலிந்த இடம் முதலில், நீருக்கு அருகில் உள்ளது முதலில். அந்த வரிசை உங்கள் நினைவின் வரிசையாக இருக்க வாய்ப்பு குறைவு.

என் ஐந்தாவது கட்டத்தில் மூன்றாவது படி மட்டும் நின்றது, அதாவது இல்லாத அந்தப் படி. நான்காவதில் நிலைக்கால்களின் அடிக்கட்டை. மூன்றாவதில் மேல்விட்டம் விழுந்திருந்தது. இந்த ஐந்து சதுரத்திலிருந்துதான் மண்ணின் கலவை, தடிமன், நீர் வரும் வழி மூன்றும் பிறந்தன.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே நேரத்தையும் எழுதுங்கள். பத்து நிமிடத்தில் முடிவது விபத்து போலத் தெரியும். ஆறு மணிநேரம் என்றால் பார்வையாளர் போய்த் திரும்பிவரலாம். வித்தியாசத்தை நினைவிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். என் விருப்பம் ஆறு மணிநேரம்.

4. மண்ணைச் சோதியுங்கள்

கடையில் களிமண் என்ற பெயரில் விற்பவை எல்லாம் கரையாது. எண்ணெய் கலந்த மாடலிங் களிமண்ணும் பாலிமர் களிமண்ணும் தண்ணீரில் அப்படியே கிடக்கும். காற்றிலேயே இறுகும் வகைகளில் பசையும் நாரும் சேர்ந்திருப்பதால் அவற்றையும் நம்ப முடியாது. குயவர்கள் சுடுவதற்கென்று வைத்திருக்கும் மண்தான் வேண்டும், ஆனால் சுடக்கூடாது. ஏறக்குறைய 500 முதல் 600 டிகிரி செல்சியஸில் களிமண்ணின் படிகக் கட்டமைப்பிலேயே பிணைந்துள்ள நீர் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு அது மறுபடி சேறாகாது. வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் அந்த நிலை வராது.

இப்போது பலருக்கும் நம்பச் சிரமமான விஷயம். சுக்காகக் காய்ந்த களிமண்தான் வேகமாகக் கரையும். ஈரமாக இருப்பது மெதுவாகத்தான் கரையும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, "நாள் முழுக்க நிற்கட்டும்" என்று சிற்பத்தைக் கல்லாகக் காயவைப்பார்கள். அது அரைமணியில் குவியலாகிவிடும்.

காரணம் இதுதான். காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. நீர் பட்டதும் துளைகள் அதை உறிஞ்சுகின்றன. எல்லாப் பக்கத்திலிருந்தும் நீர் நுழையும்போது காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, அழுத்தம் ஏறி, மண்ணைச் செதில் செதிலாகப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. ஈர மண்ணின் துளைகளில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருப்பதால் உறிஞ்சும் வேகமும் இல்லை, வெடிக்கக் காற்றும் இல்லை. மேல்பரப்பு மட்டும் மெல்ல வழுக்கிக் குழையும்.

சோதனைக்கு 3 செ.மீ. கனசதுரங்கள் நான்கு செய்யுங்கள். ஒன்று வெறும் மண். இன்னொன்றில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மணல். மூன்றாவதில் ஊறவைத்துக் கூழாக்கிய செய்தித்தாள் ஒரு பிடி. இந்த மூன்றையும் முழுதாகக் காயவிடுங்கள். நான்காவது வெறும் மண்ணே; ஆனால் நகம் பதியும், வளைத்தால் வளையாது என்ற பதம் வந்ததும் பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுங்கள். அதை இங்கே தோல்பதம் என்று சொல்கிறேன்.

நான்கையும் நான்கு கண்ணாடி டம்ளர் நீரில் ஒரே நேரத்தில் போட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். காய்ந்த கட்டிகளிலிருந்து 'ஸ்ஸ்' என்று சோடா போல ஒரு சத்தம் வரும். குமிழிகள் நூல் பிடித்தமாதிரி ஏறும். முதலில் முனைகள் உதிரும், பிறகு ஒரு பக்கம் முழுத் தகடாகப் பிரிந்து சரியும். எனக்கு மணல் கலந்தது பத்து நிமிடத்துக்குள் குவியலானது. காகிதக்கூழ் சேர்ந்தது நாரின் பிடிப்பில் பஞ்சுபோல ஊதிக்கொண்டு நின்றது. தோல்பதக் கட்டி மறுநாள் காலையிலும் முனை மழுங்கியபடி உட்கார்ந்திருந்தது. உங்கள் மண்ணுக்கு நேரம் வேறாக இருக்கும். அதனால்தான் என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் நீங்களே குறிக்க வேண்டும்.

இந்த நான்கு டம்ளர்களும்தான் உங்கள் வண்ணப்பெட்டி. முதலில் மறைய வேண்டிய பகுதிக்கு மணல் கலந்தது, எலும்புக்கூடாகத் தொங்க வேண்டியதற்குக் காகிதக்கூழ், கடைசிவரை நிற்க வேண்டியதற்குத் தோல்பதம்.

சுருக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஈர மண்ணில் ஒரு பட்டையைச் செய்து அதில் 10 செ.மீ. கோடு கீறுங்கள். காய்ந்தபின் அது 9.4 செ.மீ. என்றால் சுருக்கம் 6 விழுக்காடு. மணல் கூடினால் சுருக்கம் குறையும். இரண்டு மண்ணைச் சேர்த்து ஒட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டின் சுருக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இடத்திலேயே பிரியும்.

5. நீர் எந்த வழியாக வரும் என்று முடிவுசெய்யுங்கள்

கட்டுவதற்கு முன்பே இதைத் தீர்மானிக்க வேண்டும். நீர் வரும் வழியைப் பொறுத்துத்தான் எங்கே தடிமன், எங்கே துளை என்பதெல்லாம்.

கீழிருந்து: தட்டில் நீர் தேங்கி நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கருமையான ஈரக்கோடு சுவரில் ஏறுவதைப் பார்ப்பீர்கள். அடி கரைந்து, மேல்பகுதி முழு உருவத்தோடு சாயும். தென்கொரியக் கலைஞர் ஜூரி கிம், சியோலில் இடிபடவிருந்த குடியிருப்புப் பகுதியின் வீடுகளைச் சுடாத மண்ணில் நுணுக்கமாகச் செய்து, அடியில் நீர்விட்டுச் சரியவைத்தார். இடிப்பைப் பேசும் வேலைக்கு இது பொருந்துகிறது. மெல்லிய கால் உள்ள எதற்கும் பொருந்தாது. என் முதல் சிற்பம் விழுந்தது இதனால்தான்.

மேலிருந்து: சொட்டு. விவரங்கள் முதலில் மழுங்கும், பெரிய வடிவம் கடைசிவரை இருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த பீபி கம்மிங்ஸ் 2017-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்டிய சுடாத மண் நீரூற்றில், நீர் ஓட ஓடப் பூவேலைப்பாடுகள் கரைந்தன. மறதியைப் பேச இதுவே எனக்குப் பிடித்த வழி.

சொட்டுக்குச் சலைன் குழாயைவிட எளிய கருவி கிடையாது, உருளையை நகர்த்தி வேகத்தை மாற்றலாம். பரவலாகக் கிடைப்பதில் 20 சொட்டு 1 மி.லி.; உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 20 சொட்டு என்றால் மணிக்கு 60 மி.லி., மூன்று குழாய்க்கு 180 மி.லி. ஒரு தவறை மட்டும் தவிர்க்க வேண்டும்: ஒரே இடத்தில் விழும் சொட்டு அங்கே ஓட்டை போட்டு நேராகக் கீழே போய்விடும், பக்கத்தில் மண் காய்ந்தே இருக்கும். மேல்பரப்பில் விரல் அகலத்துக்கு ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடவிட்டால் நீர் பரவும்.

தெளிப்பு: மெல்லிய தூறல். நாட்கணக்கில் போகும். உள்ளரங்கில் சுவரெல்லாம் நனையும் என்பதால் நான் கைவிட்டுவிட்டேன்.

என் வாசலுக்கு இரண்டு வழியைக் கலந்தேன். முதல் நான்கு மணிநேரம் மேல்விட்டத்தில் சொட்டு. அதுவரை நிலைக்கால்களின் அடி நனையாமலிருக்க அவற்றைச் சுட்ட ஓட்டுத்துண்டின் மேல் 2 செ.மீ. உயர்த்தி வைத்தேன். கடைசி இரண்டு மணிநேரம் தட்டில் நீரை ஏற்றினேன்.

6. கட்டுங்கள்

உள்ளே கம்பி வைக்காதீர்கள். காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது. கம்பி ஓடும் கோட்டிலேயே மண் பிளக்கும். தப்பித்தவறி நின்றாலும், கரைந்தபின் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். ஈரமாக இருக்கும்போது தாங்கல் வேண்டுமென்றால் செய்தித்தாளை உருட்டி உள்ளே வையுங்கள். மண் சுருங்கும்போது அது நசுங்கிக்கொடுக்கும், நீரில் கூழாகிவிடும்.

திடமாகச் செய்யாமல் உள்ளே கூடாகக் கட்டுங்கள். திரி உருட்டி அடுக்கலாம், தகடு வெட்டி நிறுத்தலாம். சுவர் 1 செ.மீ. தடிமன். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இருந்தால்தான் ஒரே சீராகக் காயும். எங்கேனும் மெலிய வேண்டுமென்றால் திடீரென்று மெலியாமல் படிப்படியாக இறங்கட்டும். கூட்டினுள் காற்று போய்வர அடியில் ஒரு துளை விடுங்கள்.

தடிமனுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை எளிதாக எடைபோடாதீர்கள். சுவரை இரண்டு மடங்காக்கினால் கரையும் நேரம் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். நீர் உள்ளே போகப் போக உறிஞ்சும் வேகம் குறைகிறது. உதிர்ந்த சேறும் மேலே போர்வை போலப் படிகிறது.

ஒட்டும் இரண்டு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டுங்கள். இரண்டு துண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் இதை மறப்பவர்களின் சிற்பம் காயும்போதே கைகழன்று விழும்.

தோல்பதத்தில் வைக்க வேண்டிய பகுதியைத் தனித்துண்டாகச் செய்யுங்கள். காய்ந்த உடலோடு ஒட்டினால் இரண்டும் இரண்டு வேகத்தில் சுருங்கி விரிசல் விடும். என் மூன்றாவது படி அப்படித் தனியாகச் செய்து, ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றி வைத்ததுதான். கரைக்கும் அன்று காலையில் வாசலுக்கு முன்னால் வைத்தேன். இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

உள்ளே எதையாவது மறைத்துவைக்க ஆசை வரும். நல்ல ஆசைதான். கடிதம், சாவி, புகைப்படம் என்று போகாதீர்கள். அவை வெளிவரும்போது புதையல் கண்ட பரபரப்பு வந்துவிடும், சிற்பம் மறந்துபோகும். வேறு நிற மண்ணையே உள்ளே ஒரு அடுக்காக வையுங்கள். செம்மண் சுவருக்குள் வெள்ளைக் களிமண் மெல்ல வெளிப்படுவது கண்ணுக்கு இதமாக இருக்கும். நிறமேற்ற இரும்பு ஆக்சைடு மட்டும் போதும். தாமிரம், கோபால்ட், மாங்கனீசு சேர்ந்த நிறங்கள் நச்சுத்தன்மை உள்ளவை, கரைந்த நீரை எங்கே கொட்டுவீர்கள்?

7. காயவிடுங்கள்

முதல் நான்கைந்து நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கில் மூடி வையுங்கள். துண்டுகளுக்கிடையே ஈரம் சமமாகட்டும். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். விளிம்பும் முனையும் முதலில் காய்வதால் அவற்றின் மேல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் துண்டு கடைசிவரை இருக்கட்டும். மின்விசிறியை நேராக வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளைந்துகொள்ளும்.

காய்ந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளிருந்து ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. தராசு இன்னும் நம்பகமானது. இரண்டு நாள் அடுத்தடுத்து எடை மாறாமல் இருந்தால் முடிந்தது.

விரிசல் விட்டால் பதறாதீர்கள். மெல்லிய விரிசலை அப்படியே விடலாம், நீர் அதன் வழியே முதலில் நுழையும். உங்கள் ஐந்து கட்டத்துக்கு அது ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். காய்ந்த மண்ணில் ஈரக்குழம்பைப் பூசி அடைத்தால் பக்கத்திலேயே புதிய விரிசல் வரும்.

8. ஒத்திகை பாருங்கள்

பாதி அளவில் ஒரு மாதிரியைக் கரைத்துப் பாருங்கள். ஆனால் சுவரின் தடிமனைப் பாதியாக்காதீர்கள், 1 செ.மீ.யாகவே வையுங்கள். தடிமனையும் குறைத்தால் மாதிரி பலமடங்கு வேகமாகக் கரைந்து, நீங்கள் போட்ட நேரக்கணக்கைப் பொய்யாக்கிவிடும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே முக்கியமாகத் தெரிய வேண்டியது.

இந்தப் படியைத் தவிர்க்க எல்லோருமே ஏதாவது ஒரு சாக்கு சொல்வார்கள். நானும் சொன்னேன். அந்த நாலு நிமிடம்தான் மிச்சம்.

9. எதைப் பதிவுசெய்வது என்று தீர்மானியுங்கள்

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பதிவு வெறும் சாட்சியா, அதுவும் படைப்பின் பகுதியா? கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஆனா மெந்தியேட்டா 1970-களில் மண்ணிலும் மணலிலும் தன் உடலின் வடிவத்தைப் பதித்துச் செய்த 'சிலுயெட்டா' வரிசை இன்று நமக்குப் புகைப்படமாகவும் படச்சுருளாகவும்தான் கிடைக்கிறது. அந்தப் படங்கள் அவ்வளவு கவனமாக எடுக்கப்பட்டவை. சாட்சி மட்டும் போதும் என்றால் நான்கு படம் எடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

டைம்லேப்ஸ், அதாவது இடைவெளிவிட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டும் காணொளி, எடுப்பதென்றால் கணக்கு இப்படி. ஒரு நிமிடப் படம், நொடிக்கு 25 சட்டகம் என்றால் 1,500 படங்கள் தேவை. ஆறு மணிநேரம் என்பது 21,600 நொடி. வகுத்தால் 14.4, ஆக, 14 நொடிக்கு ஒரு படம். ஒளியளவு, வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டிவிடுங்கள். நனைந்த மண் கருக்கும்போது செல்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டும், படம் விட்டுவிட்டு மின்னும். ஜன்னல் வெளிச்சத்தை மறைத்து, ஒரே விளக்கில் எடுங்கள். செல்பேசி சார்ஜரில் இருக்கட்டும், அழைப்பு வராத நிலையில் வையுங்கள். ஒருமுறை நடுவில் வந்த அழைப்பில் என் ஒன்றரை மணிநேரம் போனது.

இன்னொரு செல்பேசி இருந்தால் சத்தத்தை மட்டும் பதியுங்கள். அந்த 'ஸ்ஸ்' சத்தத்தைப் படத்தைவிட அதிகமாகத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

10. கரைக்கும் நாள்

வரிசை மாறக்கூடாது. தட்டு, ரசமட்டம், ஓட்டுத்துண்டு, சிற்பம், தோல்பதத் துண்டு, கேமரா. கேமரா ஓடத் தொடங்கியபின்தான் குழாயைத் திறக்க வேண்டும். சிற்பத்தைத் தூக்கும்போது மெலிந்த மேல்பகுதியைப் பிடிக்காமல் அடியில் பலகை கொடுத்துத் தூக்குங்கள். காய்ந்த சுடாத மண் பிஸ்கட்டைப்போல நொறுங்கும்.

சுவரில் விளக்கக் குறிப்பு ஒட்டுவதானால் தலைப்பு, பொருள், தொடங்கும் நேரம், முடியும் நேரம். நிலையாமை, மறதி என்று எதையும் எழுதாதீர்கள், தட்டில் அது நடந்துகொண்டிருக்கிறது.

யாராவது "நிறுத்திடுங்களேன்" என்பார்கள். நீங்களே நினைப்பீர்கள். மேல்விட்டம் பாதி கரைந்து வெள்ளை அடுக்கு தெரியும் அந்த நிமிடம் மிக அழகாக இருக்கும், குழாயை மூடக் கை போகும். அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனர்ட் 1990-களில் பழத்தோல்களை ஊசி நூலால் தைத்துச் செய்த படைப்பு ஒன்று உண்டு. அவற்றைப் பாதுகாக்க ஒரு வல்லுநர் வழி கண்டுபிடித்துக் கொடுத்தபின்னும், அழுகி உலர்ந்துபோவதே படைப்பு என்று லெனர்ட் அதை அப்படியே விட்டுவிட்டார். நிறுத்துவதா கூடாதா என்பதை முன்பே ஒரு தாளில் எழுதி, வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். குழாயும் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

முடியும் நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். தோல்பதத் துண்டு நீங்கள் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடிக்கும். என் வாசல் ஆறு மணிநேரத்தில் போய்விட்டது, மூன்றாவது படி சேற்றுக்கு நடுவில் ஓரம் மழுங்கி நின்றது. மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். "படி போயிடுச்சா?" இல்லை என்றேன். "இருக்கட்டும்" என்றாள். தாளில் நண்பகல் என்று எழுதியிருந்ததால் நண்பகலில் எடுத்துவிட்டேன்.

11. மிச்சத்தைக் கையாளுங்கள்

சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். வளைவில் படிந்து இறுகும், குழாயைக் கழற்றாமல் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் வாளிக்கு மாற்றி இரண்டு மூன்று நாள் அசையாமல் விடுங்கள். மேலே தெளியும் நீரைக் குவளையால் மொண்டு செடிக்கு ஊற்றலாம். அடியில் தங்கும் சேற்றைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் பிசையும் பதத்துக்கு வரும். காகிதக்கூழ் கலந்ததை மட்டும் தனி வாளியில் வையுங்கள், நாள்பட்டால் நாற்றமெடுக்கும்.

இந்த மண்ணை என்ன செய்வது என்பதும் படைப்பின் ஒரு படியாகலாம். ஜப்பானின் மோட்டோய் யமமோட்டோ, 24 வயதில் இறந்த தங்கையின் நினைவாக உப்பில் பெரிய தரைச்சித்திரங்கள் செய்பவர். காட்சி முடிந்ததும் பார்வையாளர்களோடு சேர்ந்து அதைக் கலைத்து, உப்பைக் கடலுக்கே திருப்பித் தரச் செய்கிறார். களிமண்ணில் இது இன்னும் எளிது, அதே மண்ணில் அடுத்ததைச் செய்யலாம். செம்மண்ணும் வெள்ளையும் கலந்து வெளிர் நிறமாகியிருக்கும். சுருக்கமும் மாறியிருக்கும் என்பதால் 10 செ.மீ. பட்டையையும் நான்கு டம்ளரையும் மறுபடி செய்ய வேண்டும்.

வாளியின் மேல் தேதியும் என்னென்ன கலந்தது என்பதும் எழுதி ஒட்டுங்கள். என் வாளியில் "வாசல், செம்மண், வெள்ளை, மணல் ஐந்தில் ஒன்று" என்று இருக்கிறது. படியை அதில் போடவில்லை. அது தனியாக, ஈரத்துணியில்.